தொரொட்ஸ்கோ போகிறீர்களா? வாடகை லெய்யா, யூரோவா என்று முதலில் எழுதி வாங்குங்கள்

ருமேனியாவின் திரான்சில்வேனியா பக்கம் சுற்றுலா போகிறவர்கள், குறிப்பாக வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

தொரொட்ஸ்கோ அருமையான ஊர். முதல் உலகப் போருக்குப் பின் வந்த 1920 ட்ரியனான் சமாதான ஒப்பந்தம் வரை ஹங்கேரியோடு இருந்த பகுதி; ஊருக்குள் இன்றைக்கும் ஹங்கேரிய மொழிதான் பேச்சு. பெயர்ப்பலகையில் ரிமெட்டியா என்ற ருமேனியப் பெயரும் இருக்கும். 1,100 மீட்டருக்கு மேல் உயர்ந்த சேகெய்கோ என்ற சுண்ணாம்புப் பாறை ஊரை ஒட்டியே செங்குத்தாக நிற்கிறது. வெள்ளைச் சுவரும் பச்சை ஜன்னல் கதவுமாக இருக்கும் பழைய வீடுகளைக் கெடாமல் காப்பாற்றியதற்காக 1999இல் யூரோப்பா நோஸ்ட்ரா விருது கிடைத்த ஊர் அது. அம்மாவும் அப்பாவும் என்னைப் பார்க்க புடாபெஸ்ட் வந்திருந்தார்கள். சத்தமில்லாத இடமாக, பழைய வீட்டில் தங்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை.

இணையத்தில் கிடைத்த ஒரு தரகர், ஊர் நடுவில் இருக்கும் வெள்ளை வீட்டின் படத்தை அனுப்பினார். உள்ளே பூ வரைந்த மரப்பெட்டி, கணப்பு அடுப்பு எல்லாம் தெரிந்தது. "ஓர் இரவுக்கு 180" என்றார். ருமேனியாவில் புழங்குவது லெய். ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய ஐந்து லெய்.

அவர் எங்களை இறக்கிவிட்டது ஊருக்கு வெளியே, சாலையோரத்தில் புதிதாகக் கட்டிய ஒரு கான்கிரீட் கட்டடத்தில். கேட்டதற்கு, அந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்றார். பிளைவுட் அலமாரி, ஈர வாடை, கீழ்த்தளத்தில் கல்யாண விருந்து. மூட்டு வலியோடு வந்த அம்மா விடிய விடிய கண் மூடவில்லை.

காலையில் ஊருக்குள் நடந்தபோது படத்தில் பார்த்த அதே வீட்டைக் கண்டோம். வாசலில் இருந்த பாட்டியிடம் போனில் படத்தைக் காட்டினேன். அது தன் வீடுதான், யாருக்கும் வாடகைக்கு விட்டதே இல்லை என்று பேத்தியை விட்டுச் சொல்ல வைத்தார். குழாயும் உடையவில்லை. எங்களை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள், காசு வாங்க மறுத்துவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களின் வீட்டைக் காட்டித்தான் அந்த ஆள் பிழைக்கிறார் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கிளம்பும்போதுதான் பெரிய அடி. 180 என்றால் யூரோ என்றார் அந்தத் தரகர், அதாவது சொன்னதாக நாங்கள் நினைத்த தொகையைப் போல் ஐந்து மடங்கு. பதிவு செய்யவென்று வாங்கி வைத்த பாஸ்போர்ட்டுகளைப் பணம் கொடுத்தால்தான் தருவேன் என்றார். அப்பா பதறிப்போய்ப் பர்ஸை எடுத்துவிட்டார். நான் "கணக்கில் ஏறும் ரசீது கொடுங்கள், அவசர உதவி எண் 112க்குப் போன் செய்கிறேன்" என்றதும் குரல் இறங்கியது. பாஸ்போர்ட்டுகள் மேசைக்கு வந்தன, வாடகை 180 லெய் ஆனது. யூரோவில் அனுப்பியிருந்த முன்பணத்தை மட்டும் தரவே இல்லை.

அதனால் கேட்டுக்கொள்கிறேன்: தொகையோடு நாணயத்தின் பெயரையும் எழுத்தில் வாங்குங்கள். அங்கே அனுமதி பெற்ற விடுதிகளுக்கு அரசு தரச்சான்று உண்டு. ஹோட்டல் என்றால் நட்சத்திரம், கிராமத்துத் தங்கும் விடுதி என்றால் டெய்சிப் பூ போட்டிருக்கும். அந்தச் சான்றின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். வீடியோ அழைப்பில் தெருவிலிருந்து வீட்டு வாசல் வரை காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். விவரத்தைக் குறித்துக்கொள்ளப் பாஸ்போர்ட்டைக் காட்டலாம், கையில் விட்டு வைக்காதீர்கள். ஊருக்குள்ளேயே நல்ல விடுதிகள் இருக்கின்றன, நேராக அவர்களிடமே பேசுங்கள்.

ருமேனியாவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஏ.என்.பி.சி.க்குப் படங்கள், உரையாடல், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் சேர்த்துப் புகார் அனுப்பியிருக்கிறேன். அந்தப் பாட்டி வீட்டின் படம் இன்னும் அந்த விளம்பரத்தில்தான் இருக்கிறது.