எதற்கு வவுனியா போகலாம், எதற்கு வீட்டிலேயே இருக்கலாம்: மாங்குளத்திலிருந்து ஒரு படக் கணக்கு

புதுப்படம் எப்படி என்று வன்னியில் எங்கள் மாங்குளத்தில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பதில் வருவதற்கு முன் "எங்கை பார்க்கப் போறாய்?" என்ற கேள்வி வரும். கேட்பதில் நியாயம் இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்தில் தியேட்டர் இல்லை. தெற்கே வவுனியா கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர், யாழ்ப்பாணம் அதைவிட இரண்டு மடங்கு தூரம். படம் பழுதென்றால் ரிக்கெற் காசோடு பெற்றோல் காசும் போச்சு, ஒரு நாளும் போச்சு. எனக்குக் கமெராக் கோணம், திரைக்கதை அமைப்பு என்றெல்லாம் பேச வராது. சண்டை முடிந்து மீள்குடியேறி வீட்டுக்குக் கரண்ட் வந்த காலத்திலிருந்து வீட்டிலும் தியேட்டரிலும் மாறி மாறிப் பார்ப்பவன், அவ்வளவுதான். எந்தப் படத்துக்கு வவுனியா போகிற ஏ9 வீதியில் இறங்கலாம், எதற்கு இறங்கக் கூடாது என்று இப்போது ஓரளவு தெரியும்.

போய்ப் பார்த்ததில் முதலிடம் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்கு. 2022 செப்டெம்பர் 30இல் வெளியானது. அந்த நேரம் பெற்றோல் தட்டுப்பாடு, கியூஆர் அட்டையைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். வவுனியா போய் வர எப்படியும் இரண்டு லீற்றர் கரையும். அரைக் கிழமைப் பெற்றோலை ஒரு படத்துக்குக் கொடுப்பதா என்று வீட்டில் பெரிய வழக்கே நடந்தது. மச்சானையும் ஏற்றிக்கொண்டு போனேன். கடைசிப் பகுதியில் கப்பலும் புயலும் வரும்போது எனக்கு முன்னால் இருந்த சின்னப் பெடியன் கதிரையில் கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டான், தண்ணீர் வந்துவிடும் என்பதுபோல. அதே படத்தைப் பிறகு வீட்டில் பார்த்தேன். இடையிடையே நிறுத்தி, வந்தியத்தேவன் யார் சொல்லி எங்கே போகிறான் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல முடிந்தது. ஆனால் படம் எவ்வளவு அவசரமாக ஓடுகிறது என்பதும் வீட்டில்தான் தெரிந்தது. ஒரு முகத்தை நின்று பார்ப்பதற்குள் அடுத்த அரண்மனை வந்துவிடுகிறது. தியேட்டரில் மேளச் சத்தம் அதையெல்லாம் மூடிவிட்டது. படத்தில் வரும் இலங்கையைத் தாய்லாந்தில் எடுத்தார்கள் என்று பிறகு வாசித்தேன். சரி, இந்தக் கதைக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

தியேட்டருக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் திரையின் அகலம் என்றுதான் பலர் சொல்வார்கள். கண் பத்து நிமிடத்தில் சின்னத் திரைக்குப் பழகிவிடும். காது பழகாது. தியேட்டருக்காகக் கலக்கும் ஒலியில் பேச்செல்லாம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். இசையும் வெடியும் பக்கங்களுக்குப் போகும். வீட்டு ரீவியில் நடு ஸ்பீக்கர் கிடையாது. இருக்கிற இரண்டு குட்டி ஸ்பீக்கருக்குள் எல்லாவற்றையும் போட்டு அமுக்குவதால் பேச்சு அடியில் போய்விடும். அந்த ஸ்பீக்கரும் நிலத்தைப் பார்த்தபடி இருக்கும். கதாநாயகன் மெல்லப் பேசும்போது ரிமோட்டை எடுத்துக் கூட்டுவோம், அடுத்த விநாடி பாட்டு வெடிக்கும், உடனே குறைப்போம். எங்கள் வீட்டில் ரிமோட் பிடிப்பவர் படம் பார்த்ததாகவே கணக்கில்லை. ரீவியின் சவுண்ட் அமைப்புக்குள் பேச்சைத் தெளிவாக்கும் தெரிவு ஒன்று பல ரீவிகளில் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை குறையும். பக்கத்து வீட்டு அண்ணை தனியாக ஒரு சவுண்ட்பார் வாங்கிப் பூட்டினார், அது நல்ல வேலை.

ஆனால் எந்த சவுண்ட்பாரும் மாரி மழைக்கு ஈடாகாது. எங்கள் பக்கம் ஐப்பசியில் தொடங்கினால் தை வரைக்கும் மழை. தகரக் கூரையில் அது விழத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, படத்துக்கு எங்கே போவது? பேச்சு அடியில் எழுத்தாக ஓடும் படங்களைத்தான் அந்த மாதங்களில் நான் கூடுதலாகப் பார்ப்பது. மலையாளம், கொரியன் என்று எனக்கு ருசி வந்ததற்குக் காரணம் கலை ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள், கூரைத் தகரம்தான். மழையில் டிஷ்ஷும் அறுந்து போகும். வெயில் காலத்தில் வேறு கதை: ஃபானைப் போட்டால் சத்தம், போடாவிட்டால் நுளம்பு.

சத்தம் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை அம்மாவைத் தியேட்டருக்குக் கூட்டிப் போனோம். பெரிய கதாநாயகனின் படம், சனம் நிறைந்து வழிந்தது. முதல் சண்டையிலேயே துவக்குச் சூடு தொடங்கி, ஒரு வெடி முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அம்மா என் கையைப் பிடித்து, "மோனை, நான் வெளியிலை இருக்கிறன், நீங்கள் பார்த்திட்டு வாங்கோ" என்றார். இடைவேளை வரைக்கும் வாசலில் கச்சான் சரையோடு இருந்தார். நானும் கூடப் போய் இருந்தேன். நாலு பக்கமும் குண்டு விழுகிற மாதிரிச் சத்தத்தைத் துல்லியமாகக் கொடுப்பது படம் எடுப்பவருக்குப் பெரிய சாதனையாக இருக்கலாம். அதை நிசமாகக் கேட்டவர்களுக்கு அதில் புதிதாக என்ன இருக்கிறது? அதற்குப் பிறகு இப்படிப்பட்ட படங்களை அம்மாவோடு வீட்டில்தான் பார்ப்பது, சத்தத்தை நன்றாகக் குறைத்து. அவர் பாதியில் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுவார். சண்டை முடிந்ததும் "முடிஞ்சுதே?" என்று கேட்டுக்கொண்டு வந்து இருப்பார்.

வீட்டில் பார்ப்பது என்றால் எப்படி? முன்பு சீடி, பிறகு பென்ட்ரைவில் ஏற்றித் தருகிற கடை, இப்போது இன்ரநெற். திருட்டுக் கொப்பி பார்த்ததில்லை என்று வன்னியில் யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். என் அனுபவத்தில் தியேட்டருக்குள் களவாக எடுத்த கொப்பியால் படத்துக்கு நேரும் அநியாயம் பெரியது. இருட்டுக் காட்சி முழுவதும் சாம்பல் நிறம், நடுவில் ஒரு தலை எழும்பிப் போகும், அழுகிற இடத்தில் யாரோ தும்முவார். அதைப் பார்த்துவிட்டு "படம் சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயம்? தமிழ்ப் படங்கள் இப்போது பெரும்பாலும் நாலு கிழமைக்குள் நல்ல தரத்தில் இன்ரநெற்றுக்கு வந்துவிடுகின்றன. அந்த நாலு கிழமை பொறுக்கலாம். சந்தாவுக்கு வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரின் கணக்கை நம்பியிருந்த வீடுகள் இங்கே நிறைய. 2023இல் ஒரு வீட்டுக்கு வெளியே கணக்கைப் பகிர்வதை நெட்ஃபிளிக்ஸ் இறுக்கியபோது கனடாவுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் கொஞ்சம் மனக்கசப்பு வந்ததுதான் மிச்சம்.

எல்லாரும் தியேட்டரில் பார் என்று சொல்லியும் வீட்டில் பார்த்ததற்காக நான் சந்தோசப்படுகிற படம் 'மெய்யழகன்'. 2024 செப்டெம்பரில் வந்தது. நீளம் என்று முறைப்பாடு வர, வெளியான சில நாட்களிலேயே 18 நிமிடம் அளவில் வெட்டினார்கள். கதை சின்னது. 1996இல் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போக நேர்ந்த ஒருவன், பல வருடம் கழித்துக் கலியாணம் ஒன்றுக்காக ஊருக்குத் திரும்புகிறான். அவ்வளவுதான் நடக்கிறது, மீதி எல்லாம் கதை பேச்சு. தியேட்டர் வாங்கிலில் அது நீளமாக இருந்திருக்கும். வீட்டில், சாப்பாட்டுக் கோப்பையோடு, ஒருவர் ஒருவராக வந்து இருந்து பார்த்தோம். வீட்டைக் காலி செய்யும் ஆரம்பப் பகுதியில் எங்கள் ஹோலில் சத்தமில்லை. சொத்துத் தகராறில் போன வீடும் ஷெல்லுக்குப் பயந்து விட்டுவிட்டுப் போன வீடும் ஒன்றில்லைத்தான். ஆனாலும் கடைசியாகக் கதவைச் சாத்துகிற கை எங்கேயும் ஒரே மாதிரித்தான் தயங்கும் போலிருக்கிறது. வெட்டாத நீளத்தில் பார்க்க எனக்கு ஆசை.

இனி அந்தத் தாய்லாந்துக் கதை. எங்கள் ஊரைப் படத்தில் பார்ப்பதென்றால் எப்போதும் வேறொரு ஊரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 2002இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் தத்தெடுத்து வளர்க்கப்படும் பிள்ளையின் பெற்ற தாய்க்கு ஊர் மாங்குளம். எங்கள் மாங்குளம்! எடுத்தது இந்தியாவில். பாலை மரமும் வீரை மரமும் நிற்கிற இந்த வரண்ட காட்டின் பச்சை கொஞ்சம் கறுத்த பச்சை. படத்தில் இருப்பது நல்லாக் குளித்த பச்சை. பிள்ளையாக நடித்த கீர்த்தனாவின் கோபம் எனக்கு இப்போதும் பிடிக்கும், பாட்டுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மாங்குளச் சந்தியில் நிற்பவன் அந்தப் படத்தில் மாங்குளத்தைத் தேடினால் கிடைக்காது. வெளியூர்க்காரர் யாராவது "உங்கட ஊர் அந்தப் படத்தில வருமே" என்று கேட்டால், ஓம் என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவேன்.

'டூரிஸ்ட் ஃபேமிலி' 2025 மே 1இல் வந்தது. பொருளாதார நெருக்கடியால் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, சென்னையில் மறைந்து வாழும் ஒரு குடும்பத்தின் கதை. இதைத் தியேட்டரில்தான், அதுவும் எங்கள் சனத்தோடுதான் பார்க்க வேண்டும். சசிகுமாரும் சிம்ரனும் எங்கள் பேச்சைப் பேச முயற்சிக்கிறார்கள், சில இடங்களில் நன்றாக வருகிறது, சில இடங்களில் வழுக்குகிறது. வழுக்கும் இடத்தில் பின்வரிசைப் பெடியள் சேர்ந்து "ஆ... இல்லையே!" என்று இழுப்பார்கள், மொத்தத் தியேட்டரும் சிரிக்கும். கோபச் சிரிப்பு இல்லை அது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பக்கத்தாரின் கதையைக் கேட்டுச் சிரிக்கிற மாதிரி. எனக்குக் குறை என்னவென்றால், படத்தில் எல்லாரும் அளவுக்கு மிஞ்சி நல்லவர்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்ற எங்களுக்கு, அண்டை அயலார் இவ்வளவு நல்லவர்களாக இருக்கலாம் என்பது கொஞ்சம் இனிப்புக் கூடின தேத்தண்ணியாகத்தான் பட்டது. குடித்தேன், மறுக்கவில்லை.

எங்கள் ஆட்களே எடுக்கும் படங்களைப் பார்க்கத்தான் சரியான இடம் இல்லை. மதிசுதா கைத்தொலைபேசியில் எடுத்த 'வெந்து தணிந்தது காடு' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பெயரில் கௌதம் மேனனின் பெரிய படமும் 2022இல் வந்துவிட, பெயரைச் சொன்னாலே யாரும் சிம்புவைத்தான் நினைக்கிறார்கள். இப்படிப்பட்ட படங்கள் தியேட்டருக்கு வந்தால் ஓரிரு காட்சிதான். மண்டபத்தில் போடுவார்கள், பிளாஸ்ரிக் கதிரை, யன்னலில் துணி. அந்தத் துணி காற்றுக்கு எழும்பும்போது திரை வெளிறும். இருந்தாலும் பங்கர், அதாவது பதுங்குகுழி, என்றால் பங்கராக இருக்கும், பேச்சு என்றால் பேச்சாக இருக்கும். இதற்கு வீடும் சரிவராது, தியேட்டரும் கிடைக்காது. மண்டபம்தான்.

பழைய ஆட்கள் சொல்லும் இன்னொரு வகையையும் விட முடியாது. எங்கள் சின்ன வயதில் வன்னியில் கரண்ட் என்ற பேச்சே இல்லை. ஜெனரேற்றர், வீடியோ கசெற் போடும் டெக், ரீவி மூன்றையும் வாடகைக்கு எடுத்து வளவில் விடிய விடியப் படம் போடுவார்கள். கிழவிகளுக்காக முதலில் சாமிப்படம், அப்புறம்தான் மற்றவை. படம் புழுதியாகத் தெரிந்தால் டெக்காரர் மூடியைக் கழற்றி, ஒடிகொலோன் தொட்ட துணியால் ஹெட்டைத் துடைப்பார். அந்த மணம் மூக்கில் ஏறினால் இப்போதும் எனக்குப் படம் தொடங்கப் போகிறது என்றுதான் தோன்றும். பார்த்த படங்களின் முடிவுகள் பல எனக்கு இன்றுவரை தெரியாது, நித்திரையாகிவிடுவோம், அல்லது எண்ணெய் தீர்ந்துவிடும்.

போகிறவர்களுக்குச் சில விசயம். தியேட்டரில் முன்வரிசையில் ரிக்கெற் மலிவு என்று எடுக்காதீர்கள், மூன்று மணித்தியாலம் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டு 50 கிலோமீற்றர் மோட்டார் சைக்கிள் ஓடக் கடினம். நடுவுக்குக் கொஞ்சம் பின்னால்தான் சத்தமும் சரியாகச் சேரும். இரவுக் காட்சிக்கு மோட்டார் சைக்கிளில் போவதை நான் விட்டுவிட்டேன், காட்டோர வீதியில் யானை நிற்கும். இரவுக் காட்சி முடிந்தால் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்கள் வவுனியாவால்தான் போகும், மாங்குளம் என்று சொல்லி ஏறலாம். கிட்டத்தில் இறங்குகிறவன் என்று கொண்டக்டர் முணுமுணுப்பார், சில்லறையை முன்கூட்டியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் தியேட்டருக்கு ஒருக்கா போன் போட்டுப் படம் மாறிவிட்டதா என்று கேளுங்கள். சின்னப் படம் வெள்ளிக்கிழமையோடு போயிருக்கும், போஸ்டர் மட்டும் மதிலில் இன்னும் ஒரு மாதம் நிற்கும்.