கூட்டுரோட்டு ஊரின் கதையை டோப்போ ஷீட்டில் தேடலாமா?

கோயில் உள்ள ஊருக்குக் கல்வெட்டு கிடைக்கும். ஜமீன் இருந்த ஊருக்குப் பழைய கணக்காவது கிடைக்கும். இரண்டு சாலைகள் வெட்டிக்கொண்ட இடத்தில் டீக்கடை, பஞ்சர் கடை, உரக்கடை, பேருந்து நிறுத்தம் என்று வளர்ந்த சிற்றூருக்கு எழுத்தில் அநேகமாக எதுவும் இருக்காது. வடக்கே கூட்டுரோடு, தெற்கே விலக்கு, கொங்குப் பக்கம் பிரிவு என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அந்த ஊரை உண்டாக்கியது சாலைதான். எனவே நான்கு சாலைகளில் எது முதலில் வந்தது, எது பிறகு வந்து சேர்ந்தது என்பதைக் காட்டும் ஆவணம் வேண்டும். அதற்கு எளிதில் கைக்கு வருவது, மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோப்போ ஷீட், அதாவது மலை, ஏரி, சாலை, வீடு எல்லாம் காட்டும் நில வரைபடத் தாள். இந்த ஒரு வேலைக்கு அது எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே ஒரு பதிப்பை மட்டும் நம்பி எழுதினால் தவறான வரலாறு வரும். இரண்டு காலத்துத் தாள்களை அருகருகே வைத்தால், தமிழ்நாட்டு நாற்சந்தி ஊர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

தாளைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் முதல் நாளே சோர்ந்துபோகிறார்கள். எண் முறை தெரிந்தால் ஐந்து நிமிட வேலை. பழைய முறையில் 4 பாகை அகலமும் 4 பாகை உயரமும் கொண்ட பரப்புக்கு ஓர் எண். தமிழ்நாட்டின் பெரும்பகுதி 58-இல் விழும்: வடக்கு அட்சரேகை 8 முதல் 12 வரை, கிழக்குத் தீர்க்கரேகை 76 முதல் 80 வரை. 12 பாகைக்கு வடக்கே போனால் 57, 80 பாகைக்குக் கிழக்கே சென்னைப் பக்கம் 66. ஒவ்வோர் எண்ணும் ஏ (A) முதல் பி (P) வரை 16 எழுத்துகளாகவும், ஒவ்வோர் எழுத்தும் 1 முதல் 16 வரை தாள்களாகவும் பிரியும். வரிசை இடமிருந்து வலமாகப் போகாது. மேலிருந்து கீழே நான்கு, பிறகு அடுத்த நெடுவரிசையில் மீண்டும் மேலிருந்து கீழே நான்கு. இதைக் கவனிக்காததால்தான் பக்கத்துத் தாளை இறக்கிவிட்டு ஊரைக் காணோம் என்கிறார்கள். மதுரை 58 கே/1, திருச்சி 58 ஜே/9 என்பதை வைத்து முறையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

2005-இன் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கு வந்தது ஓப்பன் சீரிஸ் மேப். இதற்கு எண் முறை வேறு. சி44, டி44 போல உலக முறையில் தொடங்கும். ஆனால் தாளின் வெட்டு அதே 15 கலைக்கு 15 கலை (60 கலை ஒரு பாகை). சர்வே ஆஃப் இந்தியாவின் ஆன்லைன் மேப்ஸ் தளத்தில் பதிவு செய்துகொண்டால் பி.டி.எஃப். இலவசமாக இறங்கும். அச்சிடும்போது கவனம் வேண்டும். ஒரு தாள் ஏறக்குறைய 55 செ.மீ. உயரம், அகலமும் கிட்டத்தட்ட அதே அளவு. ஏ3 காகிதத்தில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று கொடுத்தால் 2 செ.மீ.க்கு 1 கி.மீ. என்ற அளவுகோல் போய்விடும். அதன்பின் நூல் வைத்து அளப்பது வீண். பெரிய தாளில் அச்சிடும் ஏ1 பிளாட்டரில் உண்மை அளவிலேயே எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஊரைச் சுற்றி 10 செ.மீ. பரப்பை மட்டும் வெட்டி, 100 விழுக்காட்டில் ஏ4 தாளில் எடுத்தால் போதும். நாற்சந்தியின் நாலாபுறமும் இரண்டரை கி.மீ. தெரியும், முதல் வாசிப்புக்கு அது தாராளம்.

தாள் கையில் வந்ததும் ஊரைத் தேடாமல், ஓரத்தில் உள்ள எழுத்துகளைப் படிக்க வேண்டும். நில அளவை செய்த ஆண்டு ஒன்று, அச்சிட்ட ஆண்டு வேறு. இரண்டுக்கும் இடையில் பல ஆண்டுகள் இருக்கலாம். ஒரு புறவழிச்சாலை தாளில் இல்லையென்றால், அது அளவை ஆண்டில் இல்லை என்றுதான் பொருள். அச்சான ஆண்டிலும் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. ஊர் வரலாற்றுக் கட்டுரைகளில் அதிகம் காணும் பிழை இதுதான். மெட்ரிக் முறைக்கு முந்தைய தாள் கிடைத்தால் அது ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360. அதையும் 1:50,000 தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒட்டாது, அளவை மாற்றித்தான் ஒப்பிட வேண்டும்.

இனி நாற்சந்தி. கூட்டுரோட்டு ஊர்கள் பலவற்றில் மூல ஊர் சந்திப்பில் இருக்காது. ஏரிக்கரையிலோ கோயிலைச் சுற்றியோ சற்றுத் தள்ளி இருக்கும். தாளில் வீடுகள் சிவப்புப் புள்ளிகளாகக் குவிந்த இடம் மூல ஊர். சந்திப்பில் நாலைந்து புள்ளிகள் மட்டும் சிதறிக் கிடந்தால், அளவை நடந்த காலத்தில் அங்கே குடியிருப்பு இன்னும் திரளவில்லை என்று கொள்ளலாம். அடுத்த பதிப்பில் புள்ளிகள் எந்தச் சாலையின் ஓரமாக நீள்கின்றன என்று பாருங்கள். வண்டிப்போக்குவரத்து எந்தப் பக்கம் கூடியது என்பதற்கு அது நேரான சாட்சி.

சாலைகளின் வயதைக் கோட்டின் போக்கே காட்டிக்கொடுக்கும். ஏரிக்கரை மேல் ஏறி, ஊரைத் தொட்டு, ஓடையை ஆழமில்லாத இடத்தில் கடந்து வளைந்து வளைந்து வருவது பழைய பாதை. வயலையும் ஊரையும் பார்க்காமல் நேர்கோட்டில் பாய்வது பொறியாளர் போட்டது. மண் வண்டிப்பாதைகள் விட்டுவிட்ட கோடுகளாக இருக்கும். நாற்சந்தியில் இரண்டு கைகள் தார்ச்சாலையாகவும் மற்ற இரண்டு விட்டுவிட்ட கோடாகவும் இருந்தால், அந்தத் தாளின் காலத்தில் அது முழு நாற்சந்தியே அல்ல. நெடுஞ்சாலையை ஒரு வண்டிப்பாதை குறுக்கே கடந்த இடம், அவ்வளவுதான். பின்னால் அந்த வண்டிப்பாதை தார் கண்டபோதுதான் கூட்டுரோடு பிறந்தது. எழுதுகிறவர் தேட வேண்டிய ஆண்டு அதுவே.

சுருக்கெழுத்துகளையும் விடக் கூடாது. பி.ஓ. அஞ்சல் நிலையம், பி.டி.ஓ. தந்தியும் உள்ள அஞ்சல் நிலையம், பி.எஸ். காவல் நிலையம், ஆர்.ஹெச். ஓய்வு இல்லம். அஞ்சல் நிலையம் மூல ஊரிலிருந்து சந்திப்புக்கு இடம் மாறியிருந்தால், ஊரின் மையம் நகர்ந்துவிட்டதை அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. சத்திரம் என்று முடியும் இடப்பெயர் சாலையோரம் இருந்தால், வழிப்போக்கர் தங்கிய பாதை அது என்று கொண்டு மேலே தேடலாம். ராணி மங்கம்மாள் மதுரையை ஆண்ட காலத்துச் (1689–1706) சாலைகளும் சத்திரங்களும் தென்மாவட்டங்களில் இன்றும் பெயராக நிற்கின்றன. ஆனால் பெயர் ஒன்றை மட்டும் வைத்து அவர் கட்டியதாக எழுதிவிடக் கூடாது.

குறைகளுக்கு வருவோம். 1:50,000-இல் தாளின் 1 மி.மீ. தரையில் 50 மீட்டர். சாலைக் குறி உண்மையான அகலத்தைவிடப் பருமனாகத்தான் வரையப்படும். எனவே ஓரத்துக் கட்டடங்கள் சற்றே தள்ளிப்போகும், நெருக்கமான கடைகள் ஒரே கட்டமாகிவிடும். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கிழக்குச் சாலையும் மேற்குச் சாலையும் 20 மீட்டர் முன்னே பின்னே வந்து சேரும் சந்திப்பு, தாளில் சுத்தமான நாற்சந்தியாகவே தெரியும். அந்த 20 மீட்டர் விலகல்தான் இரண்டு சாலைகளும் வேறு வேறு காலத்தவை என்பதற்கான தடயம். அதைத் தாளில் தேடாமல் கூகுள் எர்த் புரோவில் பார்க்க வேண்டும். அதிலுள்ள காலக்கோட்டை நகர்த்தினால் நான்குவழிச் சாலை வேலைக்கு முந்தைய சந்திப்பும் பல ஊர்களுக்குக் கிடைக்கும்.

தாளைக் கணினியில் தரையோடு பொருத்த கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் போதும், அதுவும் இலவசம். 5 கலைக்கு ஒரு கோடு இருப்பதால் ஒரு தாளில் 16 வெட்டுப்புள்ளிகள் கிடைக்கும். நான்கு மூலைகளோடு நிறுத்தாமல் பதினாறையும் கொடுங்கள். 300 டி.பி.ஐ. படத்தில் ஒரு பிக்சல் தரையில் சுமார் 4.2 மீட்டர், பிழை இரண்டு பிக்சலுக்குள் வந்தால் திருப்தி அடையலாம். அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் பூமியின் வடிவ மாதிரிக்கு அடித்தளம் (datum) என்று பெயர். பழைய தாள்கள் எவரெஸ்ட் அடித்தளத்தில் வரையப்பட்டவை, ஓப்பன் சீரிஸ் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84. பழைய தாளை டபிள்யூஜிஎஸ் என்று தவறாக அறிவித்தால் சாலைகள் எல்லாம் 100 மீட்டருக்கு மேல் ஒரே திசையில் நகர்ந்து நிற்கும். அதைப் பார்த்துச் சாலையையே இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஏரிக்கரையும் மலையுச்சியும் சேர்ந்தே நகர்ந்திருந்தால் அது அடித்தளக் கோளாறு. சாலை மட்டும் நகர்ந்திருந்தால்தான் செய்தி.

டோப்போ ஷீட்டில் கிராம எல்லைகள் வராது. கூட்டுரோடுகளுக்கு இது பெரிய குறை, ஏனென்றால் சந்திப்பு அடிக்கடி இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்களின் விளிம்பில் விழுகிறது. கிழக்குச் சாரிக் கடைகள் ஒரு கிராமக் கணக்கிலும் மேற்குச் சாரி வேறு கிராமக் கணக்கிலும் இருக்கும். இங்கே தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளம் கைகொடுக்கிறது. சந்திப்பைச் சுற்றியுள்ள புல எண்களை (சர்வே எண்களை) கண்டுபிடித்து, ஒவ்வொரு புலமும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டைப் பாருங்கள். வண்டிப்பாதை, மந்தைவெளி, நத்தம், சாலை என்ற புறம்போக்கு வகைப்பாடுகளே பாதிக் கதை. பிறகு புலத்தின் எல்லைகளை வரைந்து காட்டும் புலப்படம். புலங்களின் எல்லைக்கோடுகள் சாலையை ஒட்டியே ஓடினால், அந்தப் புலங்களை அளந்தபோதே சாலை அங்கே இருந்தது. சாலை ஒரு புலத்தின் நடுவே குறுக்காக வெட்டிப்போய், அந்தப் பட்டை மட்டும் 2ஏ, 2பி என்று உட்பிரிவாகியிருந்தால், நிலம் பிறகு எடுக்கப்பட்டது. டோப்போ ஷீட்டில் ஐயமாக நின்ற சாலையின் வயது இந்த இடத்தில் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஓர் எச்சரிக்கை: 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு பல இடங்களில் புல எண்கள் மாறின. பழைய பத்திரத்தில் உள்ள எண்ணை அப்படியே தளத்தில் தட்டினால் வேறு நிலம் வரும்.

பழைய தாள் கிடைக்காதவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950-களில் வெளியிட்ட யு502 வரிசையை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1:250,000 என்பதால் 1 செ.மீ.க்கு 2.5 கி.மீ.; வீடுகளைத் தேடிப் பயனில்லை. ஆனால் சந்திப்பின் நான்கு கைகளும் அப்போது இருந்தனவா, எவை எந்தத் தரத்துச் சாலைகள் என்பது தெரியும். அந்த ஒரு கேள்விக்கு இது போதும்.

சந்தை எந்த வரைபடத்திலும் சரியாக வராது. சென்னை–திருச்சி சாலையும் விருத்தாசலம்–சேலம் சாலையும் சந்திக்கும் வேப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை அந்த ஊரின் முகம். தாளைப் பார்த்து அதை யாராலும் ஊகிக்க முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் கிராமவாரி வசதிப் பட்டியல் இருக்கிறது. வாரச்சந்தை, பேருந்து, அஞ்சல் நிலையம் உண்டா என்பதை அதில் சரிபார்க்கலாம். ஆனால் அது வருவாய்க் கிராமத்தின் பெயரில்தான் இருக்கும், கூட்டுரோட்டின் பெயரில் தேடினால் கிடைக்காது. சுமைதாங்கிக் கல்லும் அப்படித்தான். பிரசவத்தில் இறந்த பெண்ணின் நினைவாக நட்ட கல், தோள் சுமையை இறக்கி வைக்கும் உயரத்தில் சாலையோரம் நிற்கும். பழைய நடைபாதைக்கு அதைவிட உறுதியான அடையாளம் குறைவு, ஆனால் டோப்போ ஷீட்டின் குறிப்பட்டியலில் அதற்குக் குறியே கிடையாது. சாலை அகலப்படுத்தும்போது முதலில் போவதும் அதுதான். எனவே தாளில் விட்டுவிட்ட கோடாக இருக்கும் பழைய கையைத் தேர்ந்து, சந்திப்பிலிருந்து மூல ஊர் வரை நடந்தே போய்ப் பாருங்கள். கல் தென்பட்டால் அங்கேயே ஜி.பி.எஸ். அளவைக் குறித்து, எழுத்து இருந்தால் பக்கவாட்டு வெயில் விழும் காலையிலோ மாலையிலோ படமெடுங்கள். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் தேய்ந்த எழுத்தைப் படிக்க முடியாது.