பல் மருத்துவப் படிப்புக்கு ராணுவ உதவித்தொகை: எட்டாண்டுக் குடும்ப அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

என் கணவர் 2016-ஆம் ஆண்டு பாஸ்டனில் பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது எங்களுக்குத் திருமணமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவருடைய படிப்புச் செலவை அமெரிக்க முப்படைகளில் ஒன்று எச்.பி.எஸ்.பி. என்னும் உதவித்தொகைத் திட்டத்தின் வழியாக ஏற்றுக்கொண்டது. அதற்கு ஈடாக அவர் 2020 முதல் 2024 வரை படையில் பல் மருத்துவராகப் பணியாற்றினார். இந்த எட்டு ஆண்டுகளில் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இருமுறை மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்ந்தோம். பல் மருத்துவம் படிக்க விரும்பும் நண்பர்களின் பிள்ளைகளும் அவர்களுடைய இளம் துணைவர்களும் இத்திட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்கும்போதெல்லாம் பேச்சு பணத்திலேயே தொடங்கிப் பணத்திலேயே முடிந்துவிடுகிறது. குடும்பத்தோடு வாழ்பவர்கள் கேட்க வேண்டிய வேறு சில கேள்விகள் இருக்கின்றன என்பதால் இதை எழுதுகிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல ஏதுமில்லை. 1972-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நடந்துவரும் இத்திட்டம் கல்விக் கட்டணம், புத்தகம், கல்லூரி வாங்கச் சொல்லும் கருவிகள் ஆகிய அனைத்தையும் ஏற்பதோடு, மாதந்தோறும் 2,000 டாலருக்கு மேல் வாழ்க்கைச் செலவுக்கும் தருகிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றில் ஓராண்டுக் கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மாணவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. மருத்துவம், பல் மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலரும் மொத்தத்தில் 2,00,000 டாலரும்தான் மத்தியக் கடனாகக் கிடைக்கும். மீதித் தொகைக்குத் தனியார் வங்கியை நாடி, பெற்றோரையும் பிணையாகக் கையெழுத்திடச் சொல்ல வேண்டிய நிலை பலருக்கும் வரப்போகிறது. ஆகவே, வரும் ஆண்டுகளில் இத்திட்டத்தின் கவர்ச்சி இன்னும் கூடும். அதனாலேயே நிதானமும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டுமே விண்ணப்பிக்க முடியும், கிரீன் கார்டு போதாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது மருத்துவக் காப்பீட்டை. படையில் சேர்ந்துவிட்டால் குடும்பம் முழுவதற்கும் டிரைகேர் காப்பீடு கிடைக்கும் என்பது உண்மைதான்; ஆனால், அது படிப்பை முடித்து முழுநேரப் பணியில் சேர்ந்த பிறகே தொடங்குகிறது. படிக்கும் காலத்தில் மாணவர் ரிசர்வ் எனப்படும், முழுநேரப் பணியில் இல்லாதோர் பட்டியலில்தான் இருக்கிறார். ஆண்டுக்கு 45 நாட்கள் மட்டுமே அவர் பணியில் இருப்பவராகக் கருதப்படுவார். எஞ்சிய நாட்களில் மனைவிக்கோ குழந்தைக்கோ படையின் காப்பீடு இல்லை. 2018-இல் எங்கள் மகள் பிறந்தபோது, பள்ளி ஆசிரியையான என் வேலையோடு வந்த காப்பீடுதான் எங்களைக் காப்பாற்றியது. காப்பீடு என் பெயரில் இருந்ததால், கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாத நிலையிலும் பிரசவத்துக்கு முந்தைய வாரம் வரை வகுப்பறையில் நின்றேன். துணைவருக்கு வேலை இல்லாத குடும்பம் என்றால், அந்த நான்கு ஆண்டுகளுக்கான காப்பீட்டுச் செலவைத் தனியாகக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே ஒப்பந்தத்தைத் தொட வேண்டும்.

பணிக்காலம் தொடங்கியதும் நிலைமை தலைகீழாக மாறியது. பிரசவச் செலவு என்று ஒன்றே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் காப்பீடு நன்றாக இருந்தது. வீட்டு வாடகைக்கு வரி இல்லாத படி கிடைத்தது. மனைவி, பிள்ளைகள் இருந்தால் அந்தப் படி கூடுதல். ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு உண்டு. 2022 டிசம்பர் இறுதியிலிருந்து தந்தைக்கும் 12 வாரப் பேறுகால விடுப்பு நடைமுறைக்கு வந்ததால், 2023-இல் மகன் பிறந்தபோது என் கணவர் முழுதாக அதை எடுத்துக்கொண்டார். தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த அவருடைய வகுப்புத் தோழர்கள் பலருக்கு இது கனவிலும் கிடைக்காதது. படைத்தளத்துக் குழந்தைகள் காப்பகத்தின் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தே அமையும். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும் தளங்களும் உண்டு என்பதால், கர்ப்பம் உறுதியானவுடனேயே பெயர் பதிந்துவிடுவது நல்லது.

இத்தனை வசதிக்கும் விலை, எங்கே வாழ்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை. விருப்ப இடங்களை எழுதிக் கொடுக்கலாம். படையின் தேவைதான் முடிவு செய்யும். எங்களுக்கு முதலில் வாஷிங்டன் மாநிலம், இரண்டு ஆண்டுகள் கழித்து வர்ஜீனியா, அதாவது நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரை. வீட்டுச் சாமான்களைக் கட்டி அனுப்பும் செலவைப் படையே ஏற்கிறது. அன்று வந்த இரண்டு பணியாளர்கள் எங்கள் கிரைண்டரைச் சுற்றி நின்று, இது என்ன இயந்திரம் என்று வெகுநேரம் யோசித்தார்கள். நான் குழவியைக் கழற்றிக் கையில் கொடுத்ததும், அதன் கனத்தைப் பார்த்து, பழுப்புக் காகிதத்தில் நான்கு சுற்றுச் சுற்றித் தனிப் பெட்டியில் வைத்தார்கள். பெட்டிகள் வர்ஜீனியா வந்து சேர மூன்று வாரங்கள் ஆயின. அதுவரை காலி வீட்டில் மிக்ஸியில் அரைத்த மாவில்தான் இட்லி. இதெல்லாம் சிறிய சங்கடம். என் ஆசிரியர் உரிமத்தை ஒவ்வொரு மாநிலத்திலும் புதிதாகப் பெற வேண்டியிருந்ததுதான் பெரிய இழப்பு. முதல் மாற்றத்தில் அதனாலேயே ஒரு கல்வியாண்டு வேலையின்றி இருந்தேன். படைவீரரின் துணைவர் தம் தொழில் உரிமத்தை இன்னொரு மாநிலத்திலும் பயன்படுத்திக்கொள்ள வகைசெய்யும் மத்தியச் சட்டம் 2023 ஜனவரியில்தான் வந்தது.

பிரிவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பல் மருத்துவர் என்பதால் வெளிநாட்டுப் பணிக்கு அனுப்ப மாட்டார்கள் என்று நினைப்பது தவறு. என் கணவர் ஆறு மாதங்களுக்கும் மேல் வெளியே இருந்தார். மூன்று வயது மகள், இரவு பல் தேய்ப்பதை மட்டும் அப்பா கைப்பேசித் திரையில் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். வாயை “ஆ” என்று திறந்து காட்டி, அவர் “உள்பக்கம் இன்னும் தேய்க்கணும் கண்ணு” என்று சொன்ன பிறகே படுக்கப் போவாள். அந்த மாதங்களில் உதவிக்கு ஊரிலிருந்து அம்மாவை வரவழைக்க எண்ணுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சுற்றுலா விசாவில் வரும் பெற்றோர் படைத்தளத்துக்குள் நுழைய முன்னனுமதி வேண்டும். அதனாலேயே நாங்கள் வர்ஜீனியாவில் தளத்துக்கு வெளியே வீடு எடுத்தோம்.

ஒரே இடத்தில் வேரூன்ற விரும்பும் குடும்பத்துக்கு என்.எச்.எஸ்.சி. (நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர்) என்ற மத்திய அரசு அமைப்பின் உதவித்தொகையே பொருத்தம் என்பது என் முடிவு. மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதிகளுக்காக 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அமைப்பு அது; அதற்கும் குடியுரிமை தேவை. சீருடை இல்லை, வெளிநாட்டுப் பணி இல்லை. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிலையங்களுள் ஒன்றில் பட்டதாரியே வேலை தேடிச் சேர வேண்டும். உதவி பெற்ற ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் ஓராண்டு, குறைந்தது இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். என் தோழி ஒருத்தி நியூ மெக்சிகோவில் அப்படிப் பணியாற்றுகிறாள். வந்த நாள் முதல் அதே வீடு, பிள்ளைக்கு அதே பள்ளி. ஆனால், அங்கும் கண்டிப்பு உண்டு. ஆண்டுக்கு 45 வாரங்கள் பணி கட்டாயம். விடுப்பு ஏழு வாரத்தைத் தாண்டினால், அது பேறுகால விடுப்பே ஆனாலும், ஒப்பந்தக் காலம் அந்த அளவுக்கு நீளும். ஒப்பந்தத்தை முறித்தால் பெற்ற தொகையை மூன்று மடங்காக, வட்டியோடு திருப்பித் தர வேண்டும். பொருளாதாரத்தில் பின்தங்கிய சூழலிலிருந்து வருவோருக்கு முன்னுரிமை தரப்படுவதும் போட்டி மிகக் கடுமையாக இருப்பதும் நியாயமே. இதை மட்டும் நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல.

பிள்ளைகள் பள்ளி செல்லும் வயதை எட்டுவதற்குள் பணிக்காலம் முடிந்துவிடும் இளம் தம்பதியருக்கு, துணைவரின் வேலை எந்த ஊரிலிருந்தும் செய்யக்கூடியதாக இருந்தால், ராணுவ உதவித்தொகையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நடுநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையோ, உடன் வாழும் வயதான பெற்றோரோ இருந்தால் பரிந்துரைக்க மாட்டேன். கணவன், மனைவி இருவருமே படையில் இருக்கப்போகிறார்கள் என்றால், இருவரும் ஒரே நேரத்தில் அனுப்பப்படும் நிலையில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார் என்பதை எழுத்தில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அந்தப் பெயர் யாருடையது என்பது விண்ணப்பத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் மொத்தக் காலம் எட்டு ஆண்டுகள். முழுநேரப் பணி முடிந்த பின் மீதிக் காலம், தேவைப்பட்டால் மீண்டும் அழைக்கப்படக்கூடிய ரிசர்வ் பட்டியலில் கழியும். நாங்கள் இப்போது சொந்தமாக வீடு வாங்கிவிட்டோம், மகளும் பள்ளியில் சேர்ந்துவிட்டாள்; ஆனால், 2028 வரை என் கணவரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கும்.