அலைன் கொடுத்தால் எது நகரும்? இல்லஸ்ட்ரேட்டர், கோரல்ட்ரா, இங்க்ஸ்கேப் ஓர் ஒப்பீடு

இரண்டு உருவங்களைத் தேர்ந்தெடுத்து இடப்பக்க அலைன் (சீரமைப்பு) பொத்தானை அழுத்தும்போது, அவற்றில் எது நகரும், எது இருந்த இடத்திலேயே நிற்கும் என்பது அழுத்துவதற்கு முன்பே வடிவமைப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சீரமைப்புக் கருவிகளை எடைபோட என்னிடம் உள்ள முதல் அளவுகோல் இதுதான்.

படம் வரையும் மென்பொருள்களான இல்லஸ்ட்ரேட்டர், கோரல்ட்ரா, இங்க்ஸ்கேப் மூன்றில், இதில் இல்லஸ்ட்ரேட்டர் முந்துகிறது. தேர்ந்தெடுத்த உருவங்களுள் ஒன்றை ஷிஃப்ட் இல்லாமல் மீண்டும் ஒருமுறை சொடுக்கினால், அதைச் சுற்றித் தடித்த கோடு தோன்றி, இனி இது அசையாது என்று கண்ணுக்கே காட்டிவிடுகிறது. கோரல்ட்ராவில் ஒவ்வொன்றாகச் சொடுக்கித் தேர்ந்தெடுத்தால் கடைசியாகச் சொடுக்கியதே ஆதாரம், அதாவது அசையாமல் நிற்கும் உருவம். மொத்தமாகச் சுற்றி இழுத்துத் தேர்ந்தெடுத்தாலோ ஆதாரத்தை மென்பொருளே முடிவுசெய்துகொள்கிறது, புதியவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். இங்க்ஸ்கேப்பில் ஆதாரத்தைக் குறிக்க முதலில் தேர்ந்தது, கடைசியில் தேர்ந்தது, பெரியது, சிறியது, பக்கம் எனப் பட்டியலே உண்டு. தெளிவான ஏற்பாடுதான், ஆனால் முன்பு வைத்த தேர்வு அப்படியே தொடர்வதால், பட்டியலைப் பார்க்காமல் அழுத்துகிறவரின் உருவங்கள் பக்கத்தின் ஓரத்துக்கு ஓடிவிடக்கூடும்.

வேகத்தில் கோரல்ட்ராவுக்கு இணையில்லை. L, R, T, B என்ற ஒற்றை எழுத்துகள் நான்கு பக்கங்களுக்கும், C, E இரண்டும் மையங்களுக்கும், P பக்கத்தின் மையத்துக்கும் என்றிருக்க, கை சுட்டியை விட்டு நகரவேண்டியதே இல்லை. இல்லஸ்ட்ரேட்டரிலோ பேனலைத் தேடிப் போகவேண்டும். போதாததற்கு, உருவங்களுக்கிடையே குறிப்பிட்ட இடைவெளி விடும் வசதி ‘விருப்பங்களைக் காட்டு’ என்பதற்குள் ஒளிந்திருக்கிறது, ஆதார உருவத்தைக் குறித்த பிறகே எண்ணைத் தட்ட விடுகிறது.

எல்லைக்கோட்டின் தடிமன் இன்னொரு வேறுபாடு. 10 புள்ளித் தடிமனுள்ள கட்டம் ஒன்றையும் கோடே இல்லாத கட்டம் ஒன்றையும் இடப்பக்கம் சேர்த்தால், இல்லஸ்ட்ரேட்டர் இயல்பு அமைப்பில் கோட்டைக் கணக்கில் கொள்ளாது. ஆகவே முதல் கட்டம் 5 புள்ளி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இங்க்ஸ்கேப் கண்ணுக்குத் தெரியும் விளிம்பையே இயல்பாக அளப்பதால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டிலும் அமைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், மாற்றவேண்டும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

தமிழ் எழுத்தைச் சீரமைக்கும்போதுதான் கருவிகளின் குணம் முழுதாக வெளிப்படுகிறது. ‘கடை’ என்ற சொல்லில் மேலே ஏறுவதோ கீழே இறங்குவதோ கிட்டத்தட்ட இல்லை. ஆனால் எழுத்துப் பெட்டி அவற்றுக்கும் இடம் விட்டிருக்கும். பெட்டியை அளந்து நடுவில் வைத்தால் எழுத்துருவைப் பொறுத்துச் சொல் சற்று மேலேறியோ இறங்கியோ தெரியும். இங்க்ஸ்கேப் எழுத்தின் வடிவத்தையே அளக்கிறது. இல்லஸ்ட்ரேட்டரின் அண்மைய பதிப்புகளிலும் எழுத்து விளிம்புக்கு அலைன் செய்யும் தேர்வு வந்துவிட்டது. அதற்காக அதை எங்கும் நம்பிவிட முடியாது. ‘கடை’, ‘குழு’ என்ற இரண்டு பொத்தான்களை அருகருகே வைத்து இரண்டையும் எழுத்து விளிம்புப்படி நடுவில் நிறுத்தினால், உகரத்தின் கீழ்வால் இரண்டாவது சொல்லை மேலே தள்ளிவிட, அடிக்கோடுகள் (எழுத்துகள் உட்காரும் கற்பனைக் கோடுகள்) ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்கும். இங்கே அடிக்கோட்டின்படி சேர்ப்பதே சரி. அதற்கான தேர்வைக் கோரல்ட்ராவின் அலைன் டாக்கரும் (பேனல்) இங்க்ஸ்கேப்பும் தருகின்றன.

இழுக்கும்போதே விளிம்புகளைச் சுட்டும் வழிகாட்டிக் கோடுகள், 2022இல் வெளியான 1.2 பதிப்பில் இங்க்ஸ்கேப்புக்கும் வந்துவிட்டதால், அதில் இப்போது பெரிய வேறுபாடு இல்லை. நாள் முழுதும் அழைப்பிதழும் விளம்பரப் பதாகையும் செய்யும் டிடிபி மையத்துக்கு நான் கோரல்ட்ராவையே சொல்வேன். சின்னங்கள் வரைபவருக்கு இல்லஸ்ட்ரேட்டரின் ஆதார உருவம் பழகியபின் விடமுடியாதது. பணம் செலவிடாமல் கற்கும் மாணவர் இங்க்ஸ்கேப்பை எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு அழுத்தினால் போதும்.