முன் போர்க் மடங்கினால்: நிமிர்த்துவதா, புதிது போடுவதா?

பழைய 28 இன்ச் சைக்கிளில் முன் போர்க், அதாவது முன்சக்கரத்தை இருபக்கமும் பிடித்திருக்கும் கவட்டை, பின்னால் மடங்கி, திரும்பும்போது கால்விரல் மட்கார்டில் இடிக்க ஆரம்பித்தால் வழி இரண்டு. கழற்றி நிமிர்த்தலாம், இல்லை புதிது வாங்கலாம். நான் நிமிர்த்தித்தான் ஓட்டுகிறேன், என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

செலவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, நிமிர்த்தக் கூலி மட்டும்தான். புதிதில் அலைச்சல் அதிகம்: ஃபிரேமுக்குள் நுழையும் மேல் தண்டின் நீளம், மரை, பேரிங் கோன் உட்காரும் அளவு, ராடு பிரேக் எல்லாம் ஒத்துவர வேண்டும். தண்டு நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாம், குட்டையாக இருந்தால் கதை முடிந்தது. நாகர்கோவிலில் கிடைக்காவிட்டால் மார்த்தாண்டம் வரை தேட வேண்டியதுதான்.

ஆனால் நம் ஊரில் முடிவு செய்வது துரு. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று ஒரு கீறலைக்கூட விடாது, போதாததற்கு வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். போர்க்கின் கால்கள் உள்ளே வெறும் குழாய், பெயின்ட் இருப்பது வெளியில் மட்டும். அதனால் நிமிர்த்தும் முன் தண்டும் கால்களும் சேரும் இடத்தை மண்ணெண்ணெயில் நனைத்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தடவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். கோடு தெரிந்தாலும், தண்டே வளைந்திருந்தாலும், துரு அரித்திருந்தாலும் யோசிக்காமல் புதிது. ஃபிரேமில் ஹேண்டில் குழாய்க்குப் பின்னால், கீழ் பாரின் அடியில் பெயின்ட் சுருங்கிப் புடைத்திருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள், அங்கே வளைந்திருந்தால் போர்க்கைப் பற்றிப் பேசியே பயனில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தால் நிமிர்த்தலாம். கேஸ் வைத்துச் சூடாக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிடுங்கள், சூட்டில் பெயின்ட் போய்விடும், மூட்டுகளைச் சேர்த்திருக்கும் பித்தளைப் பற்றும் கெடலாம். குளிரிலேயே மெதுவாக இழுத்தால் போதும். நிமிர்த்திய இடத்தில் பெயின்ட் தலைமுடி அளவுக்கு வெடித்திருக்கும், அதைச் சுரண்டி அன்றைக்கே துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்துவிட வேண்டும். கால் நுனியில் துளை இருந்தால் அது வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, எல்லாப் பக்கமும் சாய்த்து வடியவிடுங்கள். புதிது வாங்கினாலும் இந்த வேலை உண்டு, அதன் உட்புறமும் வெறும் இரும்புதான். குரோம் பூசிய புதிது என்றால் எனக்கு இன்னும் தயக்கம், ஒரு புள்ளியில் துரு பிடித்தால் பூச்சு உரிந்துகொண்டே போகும், பெயின்ட் மாதிரி வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது.

மாட்டிய பிறகு சக்கரத்தின் இருபக்க இடைவெளியையும் பாருங்கள், அப்புறம் சக்கரத்தைத் திருப்பிப் போட்டு மறுபடி பாருங்கள். கோணல் பக்கம் மாறினால் தப்பு சக்கரத்தில், அதே பக்கம் நின்றால் போர்க்கில்.

என் சைக்கிளில் பாரம் ஏற்றுவதில்லை. மீன் பெட்டியோ ரப்பர் ஷீட்டோ கட்டிக்கொண்டு குலசேகரம் பக்கத்து இறக்கங்களில் போகிறவர்களுக்கு இதையே சொல்ல எனக்குத் துணிவில்லை, அவர்கள் புதிதே போடட்டும். அலுமினிய போர்க் என்றால் யாராக இருந்தாலும் நிமிர்த்தவே கூடாது. இரும்பு போர்க்கும் நிமிர்த்திய அதே இடத்தில் மறுபடி மடங்கினால் நேரே பழைய இரும்புக் கடைதான்.