சுஷிமாவின் காற்று

போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருவர், "கோஸ்ட் ஆஃப் சுஷிமா விலை குறைஞ்சிருக்கே, வாங்கலாமா?" என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. ஜப்பானின் சுஷிமா தீவில் நடக்கும் சாமுராய் வீடியோ கேம் அது. 2020-ல் பிளேஸ்டேஷன் 4-ல் வந்தபோதே வாங்கியவன் நான், கதையை இரண்டு முறை முடித்தாகிவிட்டது, அப்புறம் கூடுதல் பகுதியாக வந்த இகி தீவுக் கதையையும் சேர்த்து. கிராபிக்ஸ், வாள்சண்டை பற்றியெல்லாம் இந்நேரம் எல்லோருக்கும் தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது காற்றைப் பற்றி.

திரையின் மூலையில் குட்டி மேப் கிடையாது. கன்ட்ரோலரின் டச்பேடை மேல்நோக்கித் தடவினால் போக வேண்டிய திசையில் காற்று வீசும், நாணல் சாயும், இலைகள் பறக்கும், அந்தப் பக்கமாகக் குதிரையை விட வேண்டியதுதான். எத்தனையோ இரவுகள் எந்த மிஷனையும் தொடாமல் காற்றின் பின்னாலேயே சுற்றியிருக்கிறேன். வேறு எந்த கேமிலும் நிலத்தை இப்படிப் பார்த்துக்கொண்டே போனதில்லை.

உறுத்துவதும் அதே காற்றுதான். கதை நடப்பது 1274-ல், மங்கோலியப் படை கொமோடா கடற்கரையில் இறங்கிய வருடம். 1281-ல் அவர்கள் மறுபடி வந்தபோது கப்பல்களைப் புயல் சிதறடித்தது. ஜப்பானில் அதற்குப் பெயர் காமிகாஸே, தெய்வக் காற்று. 1944-ல் இளம் விமானிகளைக் குண்டோடு கப்பல்கள் மேல் மோதிச் சாக அனுப்பினார்களே, அதற்கும் இதே பெயர். இது தெரிந்த பிறகு, கேமின் நாயகனான சாமுராய் ஜின் சகாய்க்கு வழிகாட்ட அந்த மண்ணிலிருந்தே காற்று எழுந்து வருவதை வெறும் அழகு என்று என்னால் ரசிக்க முடியவில்லை.

கதையும் அந்தப் பக்கமே சாய்கிறது. வந்திறங்கியவன் கொடூரன், சாமுராய் காவலன், விவசாயி கைகூப்பி நிற்பவன். உண்மையில் அந்தப் படையில் கொரியர்களும் இருந்தார்கள், கப்பல்களைக் கட்டியதும் கொரியாவில்தான். அதற்கும் முன்பே ஜப்பானியக் கடற்கொள்ளையர்கள் கொரியக் கரையோரத்தைச் சூறையாடியிருக்கிறார்கள், சுஷிமா அவர்களுடைய தளங்களில் ஒன்று. ஜினின் மாமா ஷிமுரா பிரபு மூச்சுக்கு மூச்சு பேசும் வீர தர்மம் அந்த வடிவத்துக்கு வந்ததே பல நூற்றாண்டு கழித்து. ஜின் அதை மீறுகிறான், சரி. ஆனால் எப்படிக் கொல்வது என்பதில்தான் மாமாவோடு அவனுக்குச் சண்டை. யார் ஆள்வது என்று இரண்டு பேருமே கேட்பதில்லை.

இகிக்குப் போனதும்தான் எனக்கு மனம் ஆறியது. சகாய் என்ற பெயரைக் கேட்டாலே அங்கே ஜனங்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, ஏனென்றால் ஜினின் அப்பா அங்கே அத்தனை பேரைக் கொன்றிருக்கிறார். சாமுராயின் வாளுக்கு எதிரே நின்றவர்களின் குரல் முதல்முறையாகக் கேட்கிறது, ஜினும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. இதில் கால்வாசி முக்கியக் கதையில் இருந்திருந்தால் நான் இவ்வளவு புலம்பியிருக்க மாட்டேன்.

2020 செப்டம்பரில் நிஜ சுஷிமாவில், வதாசுமி கோயிலின் தோரி எனும் நுழைவாயில் ஒன்றைப் புயல் சாய்த்துவிட்டது. அதை மறுபடி எழுப்ப, இந்த கேமை விளையாடியவர்கள் வெளிநாடுகளிலிருந்தெல்லாம் பணம் அனுப்பினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது கண் கலங்கியது. கேமில் நான் நேசித்தது அந்தத் தீவைத்தான், அதன் பிரபுக்களை இல்லை.

நண்பரிடம் வாங்கச் சொல்லிவிட்டேன். இகிக்குப் போக முக்கியக் கதை முடியும்வரை காத்திருக்க வேண்டாம், அந்தக் கதையின் இரண்டாம் பாகம் தொடங்கியதுமே வழி திறந்துவிடும்.