கிளேர்வுட் ஆற்றங்கரை: லாரிக்கா, பட்டறைக்கா, தோட்டத்துக்கா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் நம்மவர்களுக்குக் கிளேர்வுட் பகுதி என்றதும் சிவசுப்ரமணியர் கோயிலும் காவடியும் நினைவுக்கு வரும். அடுத்து நினைவுக்கு வருவது லாரி. கன்டெய்னர் லாரி தெருமுனையில் திரும்பினால் எங்கள் ஆயா வீட்டில் அலமாரிக் கண்ணாடி அதிரும். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க நடுவில் பழைய துணியை மடித்து வைத்திருந்தார்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக இருக்கும் இந்தக் கிளேர்வுட் தாழ்நிலத்தை என்ன செய்வது என்பதில் மூன்று கட்சிகள் உண்டு. துறைமுகத்துக்கு ஒட்டிய இடம், கிடங்குக்கும் லாரிக்கும் கொடுத்துவிடலாம் என்பது ஒன்று. வீடும் சிறு பட்டறையும் கலந்தே இருக்கட்டும் என்பது இன்னொன்று. ஆற்றோர நிலத்தைத் தோட்டமாகவும் சதுப்பாகவும் விட்டுவிடலாம் என்பது மூன்றாவது.

முதல் கட்சியை லேசாகத் தள்ளிவிட முடியாது. நாட்டின் கன்டெய்னர் சரக்கில் பெரும்பகுதி டர்பன் வழியாகத்தான் போகிறது. கிடங்கு வந்தால் மாநகராட்சிக்குச் சொத்துவரி, பிள்ளைகளுக்கு வேலை. பழைய குதிரைப் பந்தயத் திடல் இப்போது பெரிய சரக்குப் பூங்காவாகிவிட்டது. ஆனால் மழைநீரைக் குடித்துக்கொண்டிருந்த புல்தரை போய், கூரையும் காங்கிரீட்டும் வந்திருக்கின்றன. அங்கே விழும் நீர் வேறெங்காவது போயாக வேண்டும். அம்பிலோ, உம்லாத்துசானா இரண்டு ஆறுகளையும் காங்கிரீட் வாய்க்காலில் அடைத்துத் துறைமுகத்தில் விட்டிருக்கிறார்கள். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் பெருமழை பிடித்தால் அந்த நீர் எங்கே வடியும்?

கொஞ்சம் தெற்கே ப்ராஸ்பெக்டனைப் பாருங்கள். உம்லாஸ் ஆற்றை நேர்வாய்க்காலாகத் திருப்பி, தாழ்நிலத்தில் விமான நிலையமும் ஆலைகளும் கட்டினார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அங்கிருந்த டொயோட்டா ஆலை மூழ்கி, மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. அவ்வளவு பெரிய ஆலைக்கே அந்தக் கதி. அந்த வெள்ளத்தில் மாகாணம் முழுவதும் 400 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இது புதிதாக வந்த ஆபத்தும் இல்லை. 1917 அக்டோபரில் டர்பனின் வடக்குப் பக்கம் ஓடும் உம்கேனி ஆறு பொங்கி, ஸ்ப்ரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் காய்கறி போட்ட நம் குடும்பங்களை அடித்துக்கொண்டு போனது. ‘படவட்டன் அறுவர்’ என்று பேர் பெற்ற மீனவர்கள் ஆறு பேர் படகில் போய் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். 1976இல் அதே தாழ்நிலத்துத் தகரக் குடியிருப்பு மூழ்க, மக்களை டர்பனுக்கு வடக்கே இந்தியர்களுக்கென்று உண்டாக்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். அப்புறம் அங்கேயே கடைகளும் தொழிற்கூடங்களும் எழுந்தன. குடியிருக்க ஆகாத இடம் தொழிலுக்கு மட்டும் எப்படி ஆகும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தோட்டம் பேச்சுக்கு அழகான யோசனை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒப்பந்தக் கூலி முடிந்து வந்தவர்கள் கிளேர்வுட்டில் முதலில் போட்டதே கீரையும் காய்கறியும்தான். வெள்ளம் வந்தால் கீரைப்பாத்தி அழியும். ஆறேழு வாரத்தில் அடுத்த கீரை வெட்டலாம். மூழ்கிய இயந்திரத்தை அப்படி மீட்க முடியாது. சிரமம் ஒன்று உண்டு: நீண்ட காலக் குத்தகை இல்லாமல் யாரும் நிலத்தில் உழைப்பைப் போடமாட்டார்கள். அதோடு, பல பத்தாண்டு ஆலைக் கழிவு இறங்கிய மண்ணைச் சோதிக்காமல் அதில் விளைந்ததைச் சாப்பிடக் கொடுக்கவும் கூடாது.

கலப்புப் பகுதிதான் என் மனசுக்கு நெருக்கம். நிறவெறிக் காலத்திலேயே இதைத் தொழில் மண்டலமாக்கப் பார்த்தார்கள். எத்தனையோ குடும்பங்கள் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குப் போயின, மிச்சம் பேர் பிடிவாதமாக இருந்தார்கள். கீழே டிங்கர் பட்டறை, பின்கட்டில் குடும்பம் என்றால் ராத்திரியும் தெருவில் ஆள் இருக்கும். இங்கே பெரிய கெடுதல் எந்த மண்டலம் என்று முடிவாகாத நிலைதான். நாளைக்கு இடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு இருந்தால் எவரும் கூரையை மாற்றமாட்டார்கள். இடிந்த வீடு சத்தமில்லாமல் லாரி நிறுத்தமாகிவிடும். எங்கள் ஆயா வீட்டுக்குப் பக்கத்து மனை அப்படித்தான் போனது. மல்லிகைப் பந்தல் இருந்த இடத்தில் டீசல் கறை.

சரி, எதை எங்கே வைப்பது? 1998 நீர்ச் சட்டப்படி, புதிய குடியிருப்பு வரைபடத்தில் 100 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எட்டும் எல்லைக்கோட்டைக் காட்டியாக வேண்டும். தொழில் மண்டலத்துக்கும் அதே வெள்ளக் கோடுதான் எல்லை என்று வைக்கலாம். கோட்டுக்குக் கீழே தோட்டமும் சதுப்பும், மேலே வீடும் பட்டறையும். கன்டெய்னர் அடுக்கும் வேலையில் முடிந்ததை ரயிலில் ஏற்றி, உள்நாட்டுத் துறைமுகம் பற்றிப் பேசப்படும் கேட்டோ ரிட்ஜுக்குக் கொண்டுபோகலாம். துறைமுகத்தோடு ஒட்டியே ஆகவேண்டிய கிடங்கு மட்டும், மழைநீரைத் தன் மனைக்குள்ளேயே தேக்கும் குளத்தோடு, இங்கே இருக்கட்டும்.

பட்டறைக்காரர்களிடமும் ஒன்று கேட்பேன். கழிவு எண்ணெயைப் பிடிக்கும் தொட்டி கட்டிய பிறகே உரிமம் வாங்குங்கள். உங்கள் பட்டறைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குக் கீழேதான் தோட்டம் வரப்போகிறது.